அப்பாவின் மயில்கழுத்து போன்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் படித்தவர்கள், நாலு விஷயம் தெரிந்தவர்கள். நான் தொண்டாமுத்தூரில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். மெல்போர்னுக்குக் குடிவந்து இத்தனை காலம் ஆகியும், பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தால் துணி காயப்போடாமல் உள்ளே போய்விடுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது.

ஆனாலும் எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஜனங்கள் செல்போன் வாங்குவது வெளியே தெரியும் அழகைப் பார்த்தா, உள்ளே இருக்கும் சரக்கைப் பார்த்தா என்று. இரண்டு பக்கமும் நியாயம் சொல்லி நன்றாக எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இதுல என்ன சந்தேகம், சரக்குதான்" என்றார். என் மகள் மித்ரா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே, "லுக்தான்" என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. மித்ரா இருக்கும் இடத்தில் அதைச் சொல்ல முடியாது. ஏன் என்பது கடைசியில் உங்களுக்குத் தெரியும். அவள் தமிழ் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2

என் வீட்டுக்காரர் செந்தில், கோயமுத்தூரில் கணபதி என்ற இடத்தில் ஒரு லேத் பட்டறையில் தொழில் பழகியவர். அந்தத் தொழில்தான் எங்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தது. இங்கேயும் இரும்பைக் கடைந்து அளவு பார்ப்பதுதான் வேலை. அந்த அளவுக் கிறுக்கு வீட்டுக்கும் வரும். போன் வாங்குவதென்றால் ஒரு மாதம் முன்னாலிருந்து ரேம் எத்தனை, பேட்டரி எத்தனை, கேமரா எத்தனை என்று பக்கம் பக்கமாகப் படிப்பார். அவர் வாங்கும் போன் செங்கல் மாதிரி இருக்கும். கீழே விழுந்தால் தரைக்காகத்தான் பயப்பட வேண்டும்.

மித்ராவுக்குப் பதினைந்து வயது. அவள் கணக்கு வேறு. கூட்டாளிகள் வைத்திருக்கும் அதே போன்தான் வேண்டும். வேறு போனிலிருந்து செய்தி அனுப்பினால் அவர்கள் போனில் அது வேறு நிறத்தில் விழுமாம். அந்த நிறத்தில் விழுகிறவர்களைக் குழுவில் சேர்க்க மாட்டார்களாம். "அப்பா, ரேம் பாத்து யாரும் ஃப்ரெண்ட் ஆகறதில்ல" என்றாள். இத்தனை நீளமாகத் தமிழில் பேசினாளே என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் கோபப்பட்டார்.

என் அம்மா இருந்திருந்தால் மித்ரா பக்கம்தான் நின்றிருப்பாள். அப்பாவின் போனைத் தேர்ந்தெடுத்ததே அம்மாதான்.

ஒரு ஆடி மாதம். இருவரும் தொண்டாமுத்தூரிலிருந்து பஸ் ஏறி, கோயமுத்தூர் கோட்டைமேட்டில் அன்வர் பாய் கடைக்குப் போயிருந்தார்கள். அப்பா போன் வாங்குவது எப்போதும் அங்கேதான். கடையிலிருந்தே எங்களை வீடியோவில் கூப்பிட்டார்கள்.

"மாப்ள, இதுல எது தேவலைன்னு சித்த சொல்லுங்க" என்றார் அப்பா.

என் வீட்டுக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் படித்தார். "அந்தக் கறுப்பு எடுங்க மாமா. அதுலதான் ரேம் எச்சா. கேமராவும் நல்ல கேமரா."

அம்மா நடுவில் தலையை நீட்டினாள். "ஏனுங் மாப்ள, அந்த ரேமு வெளிய தெரியுங்களா?"

"தெரியாதுங்க அத்தை. உள்ள இருக்கும்."

"உள்ள இருக்கறத வெச்சுட்டு என்ன பண்றதுங்க? உங்க மாமா போடறது வெள்ளச் சட்டை. பாக்கெட்டுல கறுப்பா ஒண்ணு இருந்தா கரி அப்புன மாதிரி இருக்குமுங்க. இதப் பாருங்க, மயில்கழுத்துக் கலரு. என்ற கல்யாணச் சேலை இந்தக் கலருதான்."

"சேலைக்கு மேட்சா போன் வாங்கறது நீங்க ஒருத்தர்தானுங்க அத்தை."

"உங்கூர்ல யாரும் சேலை கட்டறதில்லையாட்ட இருக்குதுங்க, அதான் தெரியல."

பின்னால் அன்வர் பாய் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்பா மயில்கழுத்து போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நெஞ்சைக் குனிந்து பார்த்தார். எங்கள் பக்கத்து ஆண்களின் வெள்ளைச் சட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாக்கெட் துணி அவ்வளவு மெல்லிசு. உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். அப்பாவின் நெஞ்சில் அந்தப் பச்சையும் நீலமும் மினுங்கியது. அம்மா அதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ம், இப்பத்தான் ஒரு ஆளாட்டத் தெரியறீங்க" என்றாள்.

3

அந்த வருஷம் ஆயுத பூசை முடிந்து கார்த்திகை பிறந்ததும் அம்மா போய்விட்டாள். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் கட்டுத்தரை வாசலில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். நான் ஒரே பெண். விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வைத்திருக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மா முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. ஒரு ஆளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காவிட்டால், அந்த ஆள் போய்விட்டது மனதுக்குச் சரியாகப் பதிவதில்லை. எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்களோ என்று இருக்கிறது.

மெல்போர்னுக்குத் திரும்பினேன். எனக்கு மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஒரு ஆலையில் வேலை. வெள்ளை விரிப்புகள் ஆவி பறக்க வந்துகொண்டே இருக்கும். நான் மடிக்க வேண்டும். பேச்சே தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்த வேலை. பேசும்போது ஆங்கிலத்திலும் என்னை அறியாமல் 'ங்க' சேர்ந்துவிடும். "ஓகேங்க", "சாரிங்க" என்பேன். இப்போது என் மேற்பார்வையாளரும் என்னைப் பார்த்தால் "ஓகேங்க" என்கிறார். கேலியா மரியாதையா என்று தெரியவில்லை.

எனக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை வரும் நேரம் ஊரில் அப்போதுதான் வெயில் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் அப்பாவிடமிருந்து ஒரு படம் வரும். அம்மா இருந்தவரை அப்பா படம் எடுத்ததே இல்லை. இப்போது தினமும் வந்தது. பாக்குத் தோப்பு, கட்டுத்தரை, யானை இறங்கி மிதித்துப் போட்ட வாழை, மோட்டார் கொட்டாய். படத்தில் ஒரு வார்த்தையும் எழுதியிருக்காது.

எல்லாப் படத்திலும் இடது பக்கம் ஒரு வெளிச்சம் நின்றது.

வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. மேலிருந்து கீழாக, ஆள் உயரத்துக்கு, ஓரம் கரைந்தாற்போல நிற்கும். தோப்புப் படத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவில் நின்றது. கட்டுத்தரைப் படத்தில் சரியாக வாசலில் நின்றது. நான் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன். பெரிதாக ஆக அது ஒன்றுமில்லாமல் போகும். சிறிதாக்கினால் மறுபடி வந்து நிற்கும். அடுத்த இரண்டு மணி நேரமும் ஆவிக்கு நடுவில் விரிப்புகளை மடிக்கும்போது, நிமிர்ந்து இடது பக்கம் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

மித்ரா ஒரு நாள் என் தோள் வழியாகப் பார்த்துவிட்டு, "அப்பச்சி போட்டோல எப்பவும் ஒரு கோஸ்ட் இருக்கு" என்று சிரித்தாள். அம்மாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் அப்பச்சி என்போம், பெற்றவளை அமுச்சி என்போம். நான் போனை மூடி வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும், "மட்டக் கேமரா. அன்னைக்கே சொன்னேன்" என்றார். எனக்கு அவர் சொன்னது சரியாக இருக்கட்டும் என்று தோன்றியது. சரியாக இருந்துவிடக் கூடாது என்றும் தோன்றியது.

அப்பா தனியாக இருக்கிறாரே என்று அவரை எங்களோடு கூட்டிவர விசாவுக்கு எழுதிப் போட்டோம். இந்த நாட்டு அலுவலகத்தில் மனிதர் யாரையும் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் படம் எடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டும். அப்பா பாஸ்போர்ட்டைத் தன் போனில் எடுத்து அனுப்பினார். அதிலும் அந்த மூட்டம் இருந்தது. முதல் பக்கத்தில் அப்பாவின் பிறந்த தேதி மேல் விழுந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் மனைவியின் பெயர் இருக்கும் வரியை மூடியிருந்தது. தெளிவாக இல்லை, மறுபடி அனுப்பவும் என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி அதே பதில்.

"மாமா, பேசாம ஒரு நல்ல போன் வாங்குங்க. இல்லாட்டி ஜெராக்ஸ் கடையில குடுத்து ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"செரிங்க மாப்ள, பண்ணிப்போடலாமுங்க" என்பார் அப்பா. பண்ண மாட்டார். மறுநாள் தோப்புப் படம் வரும். அதில் இடது பக்கம் அது நிற்கும்.

4

முதல் வருஷத் திதிக்கு மூன்று பேரும் ஊருக்கு வந்தோம். அம்மா பிறந்த ஊர் கொடுமுடிப் பக்கம். சாம்பலையும் அங்கே காவிரியில்தான் கரைத்தார்கள். திதியும் அங்கேயே கொடுப்பதென்று அப்பா முடிவு செய்திருந்தார்.

வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அந்த வருஷம் பண்டிகை எதுவும் கும்பிடவில்லை. மித்ரா வாசலிலேயே, "அப்பச்சி, எப்படி இருக்க?" என்றாள். வந்திருந்த உறவுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் கன்றுக்குட்டியைக்கூட 'வாங்க' என்பவர்கள் உண்டு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பாதான், "நல்லா இருக்கறேன் அம்மணி. நீங்க நல்லா இருக்கறீங்களா?" என்று அவளைக் கேட்டு அந்த இடத்தைச் சமாளித்தார். அப்போது அவர் சட்டைப் பையில் மயில்கழுத்து மினுங்கியது.

திதிக்கு இரண்டு நாள் முன்னால் என் வீட்டுக்காரர் அப்பாவை விடாப்பிடியாக அன்வர் பாய் கடைக்குக் கூட்டிப் போனார். நானும் மித்ராவும் கூடப் போனோம்.

அன்வர் பாய் எங்களை உட்காரவைத்து டீ சொன்னார். அம்மாவைப் பற்றி விசாரித்தார். "மாமியார் வந்தா கடையில சிரிப்பா இருக்குமுங்க சார்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். பிறகு மேசை மேல் போன்களைப் பரப்பினார். என் வீட்டுக்காரரும் மித்ராவும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு தர்க்கம் பண்ண ஆரம்பித்தார்கள்.

பாய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இத்தனை வருஷத்துல நான் பாத்ததுங்கம்மா. ஸ்டைலுக்கு வர்றவங்க போனைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. உள்ள இருக்கற சரக்குக்கு வர்றவங்க பெட்டியத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. சார் பெட்டியத் திருப்பறாரு, பாப்பா போனைத் திருப்புது. ஐயா மட்டும் ரோட்டுல போற பஸ்ஸைப் பாக்கறாரு."

"எனக்கு இருக்கறதே போதுமுங்க பாய்" என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"மாமா, கேமரா போயிருச்சுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"போகலீங்க மாப்ள. எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"விசா ஆபீசுக்காரனுக்குத் தெரியலீங்களே."

"அவனுக்குத் தெரியாட்டிப் போகுதுங்க."

என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு, கடையின் மறு கோடியில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த ஒரு போனைக் காட்ட மித்ராவை அழைத்துப் போனார். பாய், பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்தால் என்ன போகும் என்று பார்ப்பதற்காக அப்பாவின் போனைக் கேட்டு வாங்கினார். திருப்பினார். "தங்கமாட்ட வெச்சிருக்கறீங்க ஐயா. ஒரு கீறல் கெடையாது. கேமராவுலதான் என்னமோ ஒட்டியிருக்குது" என்று சொல்லிக்கொண்டே ஒரு சின்னத் துணியை எடுத்தார்.

அப்பாவின் கை அவர் கை மேல் விழுந்தது.

"அதத் தொடாதீங்க பாய்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கையை எடுக்கவில்லை. பாய் அப்பாவைப் பார்த்தார். போனை வாசல் வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். கேமராக் கண்ணாடியைச் சுற்றியிருந்த வளையத்தின் இடுக்கில் காய்ந்துபோன மஞ்சளாக ஏதோ இருந்தது. கண்ணாடியின் ஒரு ஓரத்திலும் மெல்லிசாகப் படிந்திருந்தது. அதில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு.

பாய் துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். போனை இரண்டு கையாலும் அப்பாவிடம் கொடுத்தார். என் வீட்டுக்காரர் திரும்பி வந்ததும், "இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க சார், ஒண்ணும் அவசரமில்லை" என்றார்.

வரும் வழியில் என் வீட்டுக்காரர் என் காதோரம் சொன்னார். "பாத்தியா, எல்லாம் அந்தக் கலருக்காகத்தான். உங்கப்பாவுக்கு இந்த வயசுல ஸ்டைலு கேக்குது."

5

அன்று சாயங்காலம் அப்பா மோட்டார் போடப் போனார். நான் பின்னாலேயே போனேன். மோட்டார் பெட்டியின் கதவில் போன ஆயுத பூசைக்கும் முந்தைய பூசையின் சந்தனப் பொட்டு வெளுத்துப்போய் இருந்தது.

"ஏனுங்கப்பா, போன்ல இருக்கறது சந்தனமுங்களா?"

அப்பா தண்ணீர் தொட்டியில் விழுகிறதா என்று பார்த்தார்.

"உங்கம்மா வெச்சது கண்ணு. அந்த ஆயுத பூசைக்கு மோட்டாரு, மம்முட்டி, கொடுவாளு, வண்டி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு வந்தா. இதையும் பாக்கெட்டுல இருந்து உருவுனா. போனு எதுக்குடின்னேன். இதும் ஆயுதந்தானுங்க, எந்நேரமும் கையில வெச்சிருக்கறீங்களேன்னா. முன்னாடி வெச்சா, அழுத்துறப்ப அழிஞ்சு போயிருமுன்னு திருப்புனா. இதென்னங்க கண்ணாட்ட இருக்குதுன்னு, அந்தக் கண்ணுக்கு மேல நெத்தியாட்ட நெனச்சுக்கிட்டு வெச்சா. ஈரச் சந்தனம். வடிஞ்சு எறங்கிருச்சு. மத்ததெல்லாம் உதுந்து போச்சு. அந்த இடுக்குல போனது மட்டும் நின்னுக்கிச்சு."

போனைத் திறந்து பழைய படம் ஒன்றைக் காட்டினார். அந்தப் பூசைக்கு முன்னால் அம்மாவே சோதனைக்கு எடுத்த கோழிப் படம். பளிச்சென்று இருந்தது. அடுத்த படம் அம்மா போனதற்குப் பிறகு எடுத்தது. கட்டுத்தரை. இடது பக்கம் வெளிச்சம் நின்றது.

"காரியமெல்லாம் முடிஞ்சு நீங்க கெளம்பிப் போனதுக்குப் பொறவு எடுத்தேன். இன்சூரன்சுக்காரரு மாட்டைப் படம் புடிச்சு அனுப்பச் சொன்னாரு. எடுத்துப் பாத்தா வாசப்படியில இவ நிக்கறா."

"அப்பா..."

"சந்தனமுன்னு தெரியாமயா இருக்கறேன்? தெரியும் கண்ணு. அது எங்கிருந்து வருது, எப்புடி வருதுன்னு எல்லாம் எனக்கு வெளங்கிருச்சு. வெயிலு இடது பக்கமிருந்து அடிச்சாத்தான் வருவா. மேகம் போட்டா வரமாட்டா. பொழுது எறங்குனா வரமாட்டா. அதெல்லாந் தெரிஞ்சுதான் காத்தால ஒரு படம் எடுக்கறேன். வந்து நின்னுட்டாளான்னு பாக்கறேன். நின்னுட்டா செரின்னு வேலையப் பாக்கப் போறேன்."

அவர் ஒரு பம்பு ரிப்பேரைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் தொட்டித் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக ஆலையில் இடது பக்கம் பார்க்கப் பயந்தது நினைவுக்கு வந்தது. இப்போது என்ன என்று தெரிந்துவிட்டது. ஆனால் பயம் போகவில்லை. அது எங்கேயாவது போய்விடுமோ என்ற பயமாக மாறியிருந்தது.

"மாப்ளகிட்டச் சொல்ல வேண்டாம் கண்ணு. அவரு நல்லவரு. ஆனாத் தொடச்சுப்போட்டு, இப்பப் பாருங்க மாமா எப்புடி இருக்குதுன்னு காட்டுவாரு."

மறுநாள் காலையில் என்னைத் தோப்புக்கு வரச் சொன்னார். கிழக்கு தன் இடது பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டு, என்னை எதிரே நிற்கவைத்தார். "சித்த வலது பக்கம் தள்ளி நில்லு, எடம் வேணும்" என்றார். எடுத்தார். பார்த்தார். "நல்லா நிக்கறா" என்று என்னிடம் நீட்டினார். எனக்குப் பக்கத்தில், என் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, நின்றது. அம்மா என்னைவிடக் குள்ளம். அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். அதை நான் இதுவரை பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

"மெல்போர்னுக்கு வந்திருங்கப்பா" என்றேன்.

"வாரேன் கண்ணு. நான் வாரேன். இவ வருவாளான்னுதான் தெரியல." போனைப் பையில் போட்டுக்கொண்டார். "உங்கூர்ல வெயிலு எந்தப் பக்கமிருந்து அடிக்கும்?"

கிழக்கேதான் உதிக்கும், ஆனால் அங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகும் என்று சொன்னேன். அவர் கிழக்கையும் வடக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "வடக்கயா" என்றார்.

கேள்வி கேட்டு எழுதியவருக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். வாங்கும்போது அழகைப் பார்க்கிறோம், சரக்கைப் பார்க்கிறோம். அம்மா அழகைப் பார்த்தாள், என் வீட்டுக்காரர் சரக்கைப் பார்த்தார், இரண்டு பேரும் சரிதான். வாங்கிய பிறகு எதற்காகக் கைவிடாமல் வைத்திருக்கிறோம் என்பதைக் கடையில் யாரும் கேட்பதில்லை.

6

கொடுமுடியில் கூட்டம் அதிகமில்லை. காவிரியில் தண்ணீர் படித்துறை வரை வந்திருந்தது. அப்பாவே உட்கார்ந்து பிண்டம் வைத்தார். தண்ணீரில் விட்டுவிட்டு முங்கி எழுந்தார். அவருடைய சட்டையும், அதற்குள் சுற்றி வைத்திருந்த போனும் படிக்கட்டில் மித்ராவின் மடியில் இருந்தன. என்னிடம் கொடுக்காமல் அவளிடம் கொடுத்தது, நானும் முங்க வேண்டும் என்பதால்.

அப்பா துவட்டிக்கொண்டு சட்டை போட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றார். "எல்லாரும் ஒண்ணா நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்றாள் மித்ரா. வரும் வழியெல்லாம் வீடியோ எடுத்து அவள் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. "அப்பச்சி போன்லயே எடுக்கறேன்."

நான் கணுக்கால் தண்ணீரில் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் போனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் போனுக்கு எப்போதும் செய்வதைத்தான் செய்தாள். கேமரா மேல் வாயால் ஆவி ஊதினாள். பனியனின் நுனியால் அழுத்தித் தேய்த்தாள். வளையத்தின் இடுக்கில் நகத்தை விட்டுச் சுற்றி எடுத்தாள். மறுபடி தேய்த்தாள்.

நான் கையைத் தூக்கினேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, வா, நில்லு. அப்பச்சி, சிரி..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சிரிங்க அப்பச்சி" என்றாள். அவள் 'ங்க' போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்பா சிரித்தார்.

எடுத்ததைக் கொண்டுவந்து காட்டினாள். ஆறு, அக்கரை, படித்துறைக் கல்லில் இருந்த ஈரம் வரை எல்லாம் துல்லியமாக இருந்தது. நான், என் வீட்டுக்காரர், அப்பா. அப்பா பழக்கத்தில் படத்தின் இடது ஓரத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு நின்றிருந்தார். அங்கே தண்ணீர் மட்டும் தெரிந்தது.

"பாத்தீங்களா? கேமரா நல்லாத்தான் இருக்கு. சும்மா துடைச்சாப் போதும்" என்றாள் மித்ரா.

"அட, இத்தனை நாளும் அழுக்குதானா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என்ன என்று புரியாமல் அப்பாவைப் பார்த்தார்.

"நல்லா உழுந்திருக்குது அம்மணி" என்றார் அப்பா. "அமுச்சிக்குத்தான் குடுத்து வெக்கல, இதப் பாக்கறதுக்கு." மித்ராவின் தலையில் கை வைத்தார். அவளுடைய பனியன் நுனியில் மஞ்சளாக ஒரு தீற்றல் இருந்தது. அவர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

காரில் திரும்பும்போது மித்ரா தூங்கிவிட்டாள். ஈரோடு தாண்டியதும் அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார். "அம்மணிகிட்ட ஒண்ணுஞ் சொல்லிப்போடாத கண்ணு. கொழந்தை. நல்லா வரோணுமுன்னுதான் தொடச்சுது."

சரி என்றேன். இன்று வரை சொல்லவில்லை. அந்தப் பனியனை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன், சிறிதாகிவிட்டது என்று சொல்லி.

மறுநாள் காலை நல்ல வெயில். அப்பா தோப்புக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரரோடு கோட்டைமேட்டுக்குப் போனார். மாப்பிள்ளை சொன்ன கறுப்புப் போனை வாங்கினார். வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்கவில்லையாம். பழையதை எடுத்துக்கொள்ள அன்வர் பாய் தயங்கியிருக்கிறார். அப்பாதான் மேசை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார். மதியம் புதுப் போனில் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்தோம். கடைசிப் பக்கத்தில், மனைவியின் பெயர் இருக்கும் வரியில், அம்மாவின் பெயர் எழுத்து எழுத்தாகத் தெளிவாக விழுந்திருந்தது.